கொஞ்ச காலத்துக்கு மட்டும்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் சாப்பாட்டு மணி அடித்ததும், தையல் பிரிவு அம்பிகா நேராக ஆபீசுக்குப் போனாள். கிளார்க் ஷஹீன் பானு மட்டும் இருந்தாள்.

"அக்கா, டெம்பரரிலின்னா இன்னா?"

"கொஞ்ச காலத்துக்கு மட்டும்னு அர்த்தம். ஏன், உன் வேலையத்தான் பர்மனென்ட் பண்ணிட்டாங்களே?"

"வேலை இல்லக்கா. ஒரு கொழந்தைய டெம்பரரிலி விட்டுட்டுப் போறதா எழுதினா?"

"திரும்பி வந்து கூட்டினு போவாங்கன்னு அர்த்தம். பிள்ளைய ஹாஸ்டல்ல சேக்கப் போறியா? பயப்படாத, கொழந்தைங்க சீக்கிரம் பழகிக்கும்."

"பழகிக்கும்க்கா" என்ற அம்பிகா, கையிலிருந்த காகிதத்தைப் பிரித்து நீட்டினாள்.

பள்ளிகொண்டா பக்கம் மூடப்படும் ஒரு குழந்தைகள் இல்லம், அங்கே வளர்ந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுத்த சேர்க்கைப் படிவம் அது. தாய் தற்காலிகமாக விட்டுச் செல்வதாக ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. குழந்தையின் பெயர் அம்பிகா, வயது மூன்று. தேதி, இருபத்து நான்கு வருடங்களுக்கு முந்தையது.

ஷஹீன் ஒரு நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டாள்.

"வேணாம்னு விட்டுட்டுப் போய்ட்டாங்கன்னு இத்தன வருஷமா அவங்க மேல கோவமா இருந்தேன்க்கா" என்றாள் அம்பிகா. "வர்றதாத்தான் சொல்லியிருக்காங்க. பாவம், அவங்களுக்கு இன்னா ஆச்சோ?"