பத்து ரோஜா

“நான் செத்துப் போறதுக்கு நீயே நாள் குறிச்சிட்டியா?” என்று கத்திக்கொண்டே, நெவேனா பூங்கொத்தைப் பூக்கடைக்காரி செவ்தலினாவின் மேசைமேல் விட்டெறிந்தாள். “எண்ணிப் பாரு!”

செவ்தலினா எண்ணினாள். பத்து. மறுபடியும் எண்ணினாள், அப்போதும் பத்துதான்.

ஒற்றைப்படையில் கொடுத்தால் அது உயிரோடு இருப்பவர்களுக்கான பூ. இரட்டைப்படை என்றால் சவப்பெட்டிக்கு. பல்கேரியாவின் விராத்சா ஊரில் பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்குக்கூட இது தெரியும்.

“மகளிர் தினமும் அதுவுமா, ரொட்டி வாங்கப் போன எங்க வீட்டு மனுஷன் ஒன்பது மணிக்குப் பூவோட வந்து நின்னாரு. அவங்க அம்மாவுக்கே வெறும் சாக்லேட்தான். பூ எனக்கு மட்டும். அந்தப் பெருமையில எண்ணினேன் பாரு, பத்து! மாமியார் சிலுவை போட்டுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டாங்க.”

“முப்பது வருஷமா பூ கட்டுறேங்க. ஒருத்தருக்கும் இப்படிக் கட்டிக் கொடுத்ததில்ல.”

“அப்ப நீ எண்ணிக் கட்டினே. இப்ப உன் கம்ப்யூட்டர் சொல்றதைக் கட்டுறே. மலிவா ஒரு ஆன்லைன் கடையைப் போட்டா, அது இப்படித்தான் எண்ணும்!”

நெவேனா நகராட்சியில் வேலை பார்ப்பவள். அவள் வாயில் விழுந்தவர்கள் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. கைப்பேசியை எடுத்து நீட்டினாள். “ஊர்ப் பொம்பளைங்க மூவாயிரம் பேரு இருக்கற குரூப்பு. போட்டோவோட எழுதி வெச்சிருக்கேன். அனுப்பட்டுமா?”

மூலையில் சூப்பர் மார்க்கெட் வந்து, வாசலிலேயே வாளி வாளியாக ரோஜாவை வைத்து விற்கத் தொடங்கியதிலிருந்து செவ்தலினா கடையில் ஈதான் ஓட்டினாள். எதிரே கைப்பேசி ரிப்பேர் கடை வைத்திருக்கும் பிளாமென்தான், “இருநூறு லெவா குடுங்கக்கா, ஆன்லைன்ல கடை போட்டுத் தரேன்” என்றான்.

போட்டும் கொடுத்தான். இன்று காலையில் மட்டும் அதில் வந்த ஆர்டருக்கு அறுபது கொத்து கட்டினாள். யார் வாங்கிப் போகிறார்கள் என்று முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை, பெயரைக் கேட்டு எடுத்து நீட்டியதோடு சரி. இது நிலைத்தால் கடை பிழைக்கும், இல்லாவிட்டால் மாதக் கடைசியில் ஷட்டரை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

பூங்கொத்தைக் கையில் எடுத்தாள். ரிப்பன் நுனி பல்லால் கடித்து இழுத்ததுபோலப் பிய்ந்து கிடந்தது. அவள் எப்போதும் கத்தரிக்கோலால் மீன்வால்போல அழகாக வெட்டி விடுவாள். அவசரத்தில் இவ்வளவு கேவலமாகவா கட்டினேன் என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

வாளியிலிருந்து ஒரு ரோஜாவை உருவி நீட்டினாள். “இதைச் சேத்துக்குங்க. பதினொண்ணு ஆயிடும்.”

“செத்தவளுக்கு உசுர் குடுக்கறியா?” நெவேனா பூவைத் தட்டிவிட்டாள். “பதினொண்ணுக்குப் பணம் வாங்கிட்டு ஒண்ணை நீ அமுக்கிட்டே. அதைச் சொல்லு முதல்ல!”

திருட்டுப் பட்டமுமா! செவ்தலினாவுக்கு இந்தக் கடை, கம்ப்யூட்டர், வருஷத்தில் ஒரு நாள் மட்டும் பூ வாங்கும் ஊர் ஆம்பிளைகள் என்று எல்லாமே வெறுத்துப்போயிற்று. பிளாமெனைக் கைப்பேசியில் கூப்பிட்டு, நெவேனாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். நெவேனா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“டேய் பிளாமென், உன் கடை என் மானத்தை வாங்கிடுச்சுடா! உசுரோட இருக்கற பொம்பளைக்குப் பத்து ரோஜா போயிருக்கு!”

“சான்ஸே இல்லக்கா. ஏழு, பதினொண்ணு, இருபத்தொண்ணு. மூணே மூணு பட்டன்தான் வெச்சிருக்கேன். சாவுக்குப் பூ வேணும்னா உங்களுக்குத்தான் போன் பண்ணியாகணும். பத்துன்னு அதுல யாரும் கேக்கவே முடியாது.”

“அப்போ பத்து எங்கேருந்துடா வந்துச்சு? வானத்துலேருந்து குதிச்சுதா?”

“எனக்கென்னக்கா தெரியும்?”

“தெரியாதில்ல? அப்போ இந்தக் கருமத்தை இப்பவே மூடித் தொலை. எனக்குக் கடையும் வேணாம், ஒண்ணும் வேணாம். முப்பது வருஷப் பேரு ஒரு காலையில நாறிப்போச்சு.”

நெவேனாவின் உதட்டில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அவள் விரல் கைப்பேசியின்மேல் போய் நின்றது.

“அவசரப்படாதீங்கக்கா” என்றான் பிளாமென். “பழி போடறதுக்கு முன்னாடி ஆர்டரைப் பாத்துடலாம். வாங்கினவர் பேரைச் சொல்லுங்க.”

“ஆசென் கோலெவ்” என்று நெவேனாவின் கணவன் பெயரைச் சொன்னாள் செவ்தலினா.

பட்டன்களைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு பிளாமெனின் குரல், பரீட்சையில் பாஸானவன்போல உற்சாகமாகக் கடையெல்லாம் ஒலித்தது.

“நம்ம மேல தப்பே இல்லக்கா! அந்தாளு ஏழரை மணிக்கே வந்து, ஒரே கொத்தா இருபத்தொண்ணு வாங்கிட்டுப் போயிருக்காரு!”