புயல் உடைத்த மூக்கு

பட்டாபிராம் ஸ்டேஷன் எதிரே எத்திராஜின் சலூனில், முகம் நிறையச் சோப்பு நுரையோடு மறுபடியும் எழுந்துவிட்டார் பாஸ்கல்.

"குந்து நைனா, கத்தி பட்டுடப் போவுது" என்றார் எத்திராஜ்.

பாஸ்கலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "மெட்ராஸ் பாக்ஸருங்களைப் பத்தி பேப்பர்ல முழுப் பக்கம் போட்டுக்கீறான். நம்ம ராயபுரம் புயல் பேரு மட்டும் இல்லியே! அவன் எப்பேர்ப்பட்ட சேம்பியன்!"

பெஞ்சில் பேப்பரை விரித்து வைத்திருந்த நாகேந்திரன் சிரித்தான். "இன்னா பெரிய சேம்பியன் அண்ணாத்தே? அவன் ஜெயிச்சதெல்லாம் ஊதுனா பறக்குற நோஞ்சானுங்கள!"

"இன்னாடா சொன்னே?" பாஸ்கல் துண்டை உதறிவிட்டு அவன் முன்னால் போய் நின்றார். "நோஞ்சானா? நீ பாத்தியா? அந்த இடது கைக்குத்து எங்கேந்து வருதுன்னே தெரியாதுடா. கண்ணு இருட்டினப்புறம்தான் தெரியும்."

தடித்த விரல் முட்டிகளும் ஒரு பக்கமாகக் கோணிய மூக்கும் அப்போதுதான் நாகேந்திரன் கண்ணில் பட்டன. சட்டென்று எழுந்துகொண்டான்.

"தப்பா நெனச்சுக்காதீங்க... அந்தப் புயலே நீங்கதானா?"

"நானா?" பாஸ்கல் நாற்காலிக்குத் திரும்பினார். "அவன்கிட்ட ரெண்டாவது ரவுண்டுலயே மல்லாந்த நோஞ்சான்டா நான்."

கண்ணாடியைப் பார்த்தபடி மூக்கைத் தடவிக்கொண்டார்.

"இத்தினி வருசமா இது புயல் ஒடச்ச மூக்குன்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீறேன். அவனே ஒண்ணுமில்லேன்னா, நான் இனிமே இன்னான்னுடா சொல்லுவேன்?"