வாடாத முழம்

மாட்டுங்கா ரயில் நிலைய வாயிலில் அந்தி வெயில் சாய்கிறது. பேராச்சியின் விரல்கள் மல்லிகையைத் தொடுக்கின்றன. கண்களோ பூக்கடை ஆணியில் தொங்கும் உறையிலேயே நிற்கின்றன. தன்னோடு சண்டையிட்டு டோம்பிவிலிக்குத் தனிக்குடித்தனம் போன மகள் செல்விக்காக வெள்ளிதோறும் அவள் ஒரு முழம் எடுத்து வைப்பதுண்டு. மறுநாள் அது வாடிவிடும். அவளும் அதை எறிந்துவிட்டு, அடுத்த வெள்ளிவரை மனத்தை அடக்கிக்கொள்வாள். இவ்வாரம் பூவோடு வந்திறங்கிய, பூவை வாடாமல் காக்கும் நானோப் பூச்சு உறைக்குள், திங்களாகியும் அம்முழம் வெண்மை குன்றாமல் இருக்கிறது.

“ஏளா, அத வித்துரு. வெள்ளிக்கு வராதவ இன்னைக்கா வரப்போறா?” என்கிறான் கணவன் இசக்கிராஜ்.

“பூவு இன்னும் வாடலைல்லா?”

டோம்பிவிலியிலிருந்து லோக்கல் ரயில் வந்து நிற்கிறது. பேராச்சி நாரைக் கீழே வைத்துவிட்டு, படிக்கட்டில் இறங்கிவரும் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறாள்.