நகலுக்கு வராத விக்கல்

"கச்சேரிக்கு நானே நேர்ல வந்து பாடுவேன்" என்றாள் சந்தனமாரி, குரல் வாங்கும் அலுவலகத்தில். அதை மட்டும் சொல்லிவிடாதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். வீட்டின் முதல் பட்டதாரி கேட்டால்தானே!

மேலாளர் சிரித்தார். "இப்ப யாரும்மா நேர்ல வர்றாங்க? உன் குரலை வச்சு கம்ப்யூட்டர்ல செய்யுற நகல் ஆயுசு முழுக்க மேடையில பாடும்."

"நடுவுல யாருக்காவது விக்கல் வந்தா?"

"அது நிறுத்தாமப் பாடும்."

"எங்க அரசுப் பள்ளிப் பாட்டு வகுப்புல நாப்பது பேரும் நிறுத்திட்டுச் சிரிப்போம் சார். சிரிச்சு முடிச்சு, சேர்ந்து விட்ட இடத்துல எடுப்போம். அந்தச் சொகத்துக்குத்தான் பாடகியானேன். அதையே வேணாங்கிறீங்களே!"

"வேற எங்க போய்ப் பாடுவே?"

"கல்யாண வீடு, காதுகுத்து, பஸ் ஸ்டாண்டு. எதிர்ல மனுஷங்க இருந்தாப் போதும்."

கையெழுத்துக்காக நீட்டியிருந்த ஒப்பந்தத்தை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தவள், கதவைத் திறக்கும்போதே பாட ஆரம்பித்துவிட்டாள்.