சோதனை நாளில் மட்டும்

அநியாயம் நடந்தது கன்வெர்ட்டருக்குத்தான். ஆறு வருஷம் பச்சைக் காரின் வயிற்றுக்கடியில் தொங்கி, அதன் நச்சுப் புகையைத் தன் சூட்டிலேயே சுத்தம் செய்து அனுப்பிய இரும்புப் பெட்டி அது. வேகத்துக்குத் தடையாக இருக்கிறதென்று கழற்றி ஷெட் மூலையில் போட்டுவிட்டார்கள். இதை எந்த ஊரில் நியாயம் என்பார்கள்?

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அதற்கு மரியாதை உண்டு. புகைச் சோதனைக்குப் போகுமுன் மாட்டுவார்கள். பாஸ் ஆனதும் கழற்றிவிடுவார்கள்.

இந்த முறை மாட்டியதும், பழைய சூடு உடம்பில் ஏற ஏற, பழைய காலைகளும் நினைவுக்கு வந்தன.

"நாம கிளம்பும்போது வீட்டுக் குட்டிப் பொண்ணு பூவிழி பின்னாடியே நின்னு டாட்டா காட்டுவாளே, இன்னும் வர்றாளா?" என்று பக்கத்துச் சைலன்சரைக் கேட்டது.

"வர்றா வர்றா," என்றது சைலன்சர். "மூக்கைப் பொத்திக்கிட்டு மொட்டை மாடியில நிக்கிறா."

சோதனைக் கூடத்தில் கன்வெர்ட்டர் அவள் பின்னாலேயே நிற்பதாக நினைத்துக்கொண்டு வேலை பார்த்தது.

"அடேயப்பா, புது வண்டி தோத்துடும்!" என்றார் சோதனைக்காரர். கார் பூரித்துப்போனது.

ஷெட்டுக்குத் திரும்பியதும் ஸ்பானர் வந்தது.

"ஏம்ப்பா, அவர் அத்தனை புகழ்ந்தாரே, என் பேரை ஒரு தடவை சொன்னா குறைஞ்சா போயிடுவே? சொல்லியிருந்தா என்னைக் கழட்டாம விட்டிருப்பாங்களே!" என்று கேட்டது கன்வெர்ட்டர்.

கார் கடைசி போல்ட் தளர்ந்தபோதுதான் மெல்லச் சொன்னது:

"சொன்னா, மத்த நாளெல்லாம் புகை விடறது யாருன்னு கேப்பாங்களே."