வேதக்கோயில் வீட்டுக்கு வரும் சனம்

"உதுகளைக் கலைச்சு விடு பஸ்ரியன். நான் சொல்ல எனக்கு இங்கிலீசு காணாது" என்றார் நவரட்ணம்.

வேதக்காரச் சிநேகிதன் பஸ்ரியன் குசினி வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். ஹோலில் வெள்ளைக்காரக் கிழவர் கிழவிகள் எட்டுப்பேர் தலையைக் குனிந்தபடி வரிசையாக இருந்தார்கள்.

"ஆர் அண்ணை இவை?"

"சேர்ச்சுக்கு வாற சனம்."

"இது உங்கடை வீடெல்லோ?"

"அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அவைக்கு ஆர் சொல்லுறது?"

நாட்டை விட்டு வந்து குடியேறிய வெக்ஸ்போர்டில் பூட்டிக் கிடந்த சின்ன வேதக்கோயிலை வாங்கி வீடாக்கியவர் நவரட்ணம். பீடம் இருந்த இடம் குசினி ஆனது. பாட்டுக்காரர் நின்ற மேல்தட்டு சாமியறை ஆனது. சனம் இருந்து கும்பிட்ட நீள வாங்குகளில் நாலை மட்டும், நல்ல மரம், சோபாவுக்குப் பதிலாக இருக்கட்டும் என்று விட்டுவைத்தார். அங்கேதான் பிழை வந்தது.

குடிபுகுந்த அடுத்த ஞாயிறே ஒரு கிழவி கதவைத் தட்டினாள். அவர் மனைவி இராஜேஸ்வரி திறந்தாள். கிழவி நீளமாக என்னவோ இங்கிலீசில் சொன்னாள். இராஜேஸ்வரியும் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டிவைத்தாள். கிழவி வந்து முன்வாங்கில் இருந்துவிட்டாள்.

"கோயில் மூடினதை மறந்துபோச்சுதாக்கும். பாவம், சொன்னால் மனிசி உடைஞ்சு போகும்" என்றாள் இராஜேஸ்வரி.

அன்றோடு போனது நவரட்ணத்தின் நித்திரை. கிழமை முழுக்க அவருக்கு இரவு வேலை. ஞாயிறு காலைதான் மனிசன் சாரத்தோடு குறட்டை விடும் நேரம். இப்போது காற்சட்டை போட்டு, சீப்பால் தலை இழுத்து, வாங்கில் தலை குனிந்து இருக்க வேண்டும். நாங்கள் கும்பிட்டால்தான் அவர்களும் நிம்மதியாகக் கும்பிடுவார்கள் என்பது மனைவியின் கட்டளை. வாடகைக்கு எடுத்த வீடியோப் படக் கொப்பி பார்க்காமலேயே திரும்பிப் போனது. ஒருநாள் நிசப்தம் தாங்காமல் இராஜேஸ்வரி ஒரு தேவாரத்தை எடுத்துவிட்டாள். கிழவி பக்தியோடு எழுந்து நின்றாள்.

வந்த சனத்தை வெறும் வயிற்றோடு அனுப்பலாமா? தேத்தண்ணியும் மட்டன் ரோல்ஸும் கொடுத்தாள். அடுத்த கிழமை மூன்று பேர் வந்தார்கள். இப்போது எட்டு.

"அண்ணை, இது பக்தி இல்லை" என்றான் பஸ்ரியன். "சனம் ஒழுங்காய் வந்திருந்தால் இந்தக் கோயிலை ஏன் பூட்டினவை? ஓசி ரோல்ஸ் எண்டதும் ஓடி வருகுதுகள்."

"அதுதான் உன்னைக் கூப்பிட்டனான். அவை உன்ரை சமயம், நீ சொன்னால் கேட்பினம். இது வீடு, இனி வரவேண்டாம் எண்டு பண்பாய்ச் சொல்லிவிடு. நான் ஒரு நாளாவது படுக்கவேணும்."

இராஜேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. "அவை கும்பிட்ட இடத்திலை நாங்கள் மீன் பொரிக்கிறம். ஒரு மணித்தியாலம் இருந்திட்டுப் போகட்டுமேயப்பா."

பஸ்ரியன் காதில் வாங்காமல் சேர்ட்டை இழுத்து விட்டுக்கொண்டு போனான். முன்வாங்குக் கிழவியிடம் குனிந்து பேசினான். கிழவி அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பதில் சொன்னாள். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

திரும்பி வந்தவன் பைப்பைத் திறந்து ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தான்.

"சொல்லிப்போட்டியோ?" என்றார் நவரட்ணம்.

"கோயில் மூடினது அவைக்கு நல்லாத் தெரியும் அண்ணை. அடுத்த தெருச் சேர்ச்சிலை காலமை பூசை கண்டிட்டுத்தான் இஞ்சை வருகினம்."

"பிறகு என்னத்துக்கு இஞ்சை வருகினம்?"

"நாட்டை விட்டு வந்த சனம், இவ்வளவு பெரிய கட்டிடத்திலை தனிய இருக்குது, எட்டிப் பார்க்க ஒரு சொந்தமில்லை எண்டு துணைக்கு வருகினமாம். ஞாயிறெண்டால் நீங்கள் வீட்டிலை இருந்து கும்பிடுற ஆக்களாம். மரியாதைக்கு அவையும் தலையைக் குனிஞ்சு இருக்கினமாம். நீங்கள் கண்ணை மூடினால் திறக்கிறதே இல்லையாம், அப்பிடிப் பக்தியாம்."

நவரட்ணம் வந்த கொட்டாவியை விழுங்கிக்கொண்டார். இராஜேஸ்வரிதான் மெல்லக் கேட்டாள்.

"அப்ப ரோல்ஸ்?"

பஸ்ரியன் தண்ணீர்க் கிளாஸைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"உறைப்புத் தாங்கேலாதாம் அக்கா. வீட்டை போய் எல்லாரும் வயித்துக்கு மருந்துக் குளிசை போடுகினமாம். ஆனால் உங்களிட்டை வாயே திறக்கக்கூடாதெண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவை. பாவம், சொன்னால் மனிசி உடைஞ்சு போகுமாம்."