சப்பாத்திக்கள்ளி யாரைத் தின்கிறது?

சப்பாத்திக்கள்ளியின் மடலைக் கொறித்துக்கொண்டே எலி கேட்டது: "இவ்வளவு முள் வச்சிருக்கீங்களே, நீங்க யாரைத் தின்னுறீங்க?"

"யாரையும் இல்லை. வேரால தண்ணி குடிக்கிறேன். ராத்திரி காத்தை இழுத்து வச்சுக்குவேன். பகல்ல வெயிலை வச்சுச் சமைச்சுக்குவேன்."

எலிக்குக் குழப்பமாகிவிட்டது. எலி கள்ளியைத் தின்கிறது, பருந்து எலியைத் தின்கிறது. யாரையும் தின்னாமல் ஒருத்தர் இப்படிக் கொழுகொழுவென்று இருக்க முடியுமா?

மறுநாள் அது கள்ளியைத் தொடவில்லை. வளையை விட்டு வெளியே வந்து, நடுப் பொட்டலில் வாயைத் திறந்தபடி மல்லாந்து படுத்தது.

"முட்டாளே, உள்ளே போ! வெயிலை வச்சுச் சமைக்க உடம்பு பச்சையா இருக்கணும். பருந்து வேற சுத்துது!" என்று கத்தியது கள்ளி.

"சமையல் ரகசியம் வெளியே தெரிஞ்சிடும்னு பயமா?" என்று கேட்டது எலி.

அதற்குள் நிழல் விழுந்தது. பருந்து எலியைத் தூக்கி வந்து, கள்ளியின் உச்சி மடலில் உட்கார்ந்தே தின்றது. மிச்சமெல்லாம் கீழே விழுந்தது.

சில நாளில் மழை பெய்தது. மழை விட்டதும் இன்னொரு எலி பசியோடு வந்தது. கள்ளியின் காலடியில் கிடந்த எலும்புகளைப் பார்த்துப் பின்வாங்கியது.

"அப்போ நீங்க தின்னுறது எங்களைத்தானா?"

கள்ளி இல்லையென்று சொல்லத்தான் நினைத்தது. ஆனால் இந்த மழைத் தண்ணீர் வேருக்கு ஏனோ கூடுதல் ருசியாக இருந்தது.